நல்ல கால்

குதிரைக்கும் எனக்கும் உள்ள உறவு, மெரினாவில் காசு கொடுத்து ஏறி, பயந்துபோய்ப் பாதியில் இறங்கியதோடு சரி. ஆனாலும் ஒரு குதிரை கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் நின்றுகொண்டே இருக்கிறது. உங்களிடம் ஒன்று கேட்கணும். அதற்கு முன்னால் அதன் கதை.

பேர் பார்பரோ. அமெரிக்கப் பந்தயக் குதிரை, வயசு மூன்று. 2006 மே 6-ம் தேதி கென்டக்கி டெர்பியில் ஆறரை குதிரை நீளம் முந்தி ஜெயித்தது. சரியாக இரண்டே வாரத்தில், ப்ரீக்னஸ் பந்தயம் ஆரம்பித்த சில நொடிகளில், வலது பின்னங்கால் நொறுங்கிப்போனது. இப்படிக் கால் போன பந்தயக் குதிரைக்குப் பெரும்பாலும் ஊசி போட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். சொந்தக்காரர்களான ஜாக்சன் தம்பதி, 'காப்பாத்திப் பார்ப்போம்' என்றார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையில் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் ஒரு தகடும் 27 திருகாணிகளும் வைத்து அந்தக் காலை நிமிர்த்தினார். எலும்பு கூட ஆரம்பித்தது.

வினை வந்தது உடைந்த காலில் இல்லை சார், நல்ல காலில்!

குதிரையின் குளம்பு நம்ம நகம் மாதிரி. அதற்குள்ளே ஓர் எலும்பு. எலும்பையும் குளம்புச் சுவரையும் சேர்த்துப் பிடித்திருப்பவை மெல்லிய, மடிப்பு மடிப்பான திசுக்கள். அரை டன் உடம்பு அந்தப் பிடிப்பை நம்பித்தான் நிற்கிறது. ஒரு கால் வலித்தால் குதிரை பாரத்தை எதிர்க் காலில் போடும். வாரக்கணக்கில் அப்படி நின்றால், அந்த மடிப்புகளுக்கு ரத்தம் சரியாகப் போகாமல், அவை நைந்து பிய்ந்துகொள்ளும். இதுதான் லேமினைட்டிஸ். நகத்தைப் பிடுங்கிவிட்டு அதே விரலில் நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? சரி, படுத்துக்கலாமே என்பீர்கள். அவ்வளவு கனமான உடம்பு ரொம்ப நேரம் படுத்தே கிடந்தால் தசையும் நுரையீரலும் கெட்டுப்போகும்.

தானியத்தையும் செழிப்பான புல்லையும் அளவில்லாமல் தின்றும் இந்த வியாதி வரும். அந்த மாதிரி வந்தால் நிறைய குதிரைகள் பிழைத்துக்கொள்கின்றன. தீனியைக் கட்டுப்படுத்தி, மெத்தென்று படுக்கை போட்டு, பாதத்துக்கு அணை கொடுத்து, குளம்பைப் பக்குவமாகச் செதுக்கிக்கொண்டே காத்திருக்கணும். மேலிருந்து கீழ்வரை புதுக் குளம்பு வளர கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

பார்பரோவுக்கு ஜூலையில் இடது பின்னங்குளம்பின் சுவரில் 80 சதவிகிதத்தை வெட்டி எடுத்தார்கள். இப்போது இரண்டு பின்னங்கால்களும் போச்சு. ஊரெல்லாம் ஆப்பிளும் கேரட்டும் வாழ்த்து அட்டையும் அனுப்பிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், 'எல்லாம் துட்டுக்காக' என்று முணுமுணுப்பு. அதிலும் ஒரு நியாயம் இருந்தது. இந்த ஜாதிப் பந்தயக் குதிரைக்குச் செயற்கைக் கருத்தரிப்பு செல்லாது என்பது விதி. தானே பின்னங்காலில் எழும்பி நின்றால்தான் வாரிசு. எழும்பினால் கோடிகள்.

எனக்கு அந்தத் துட்டைவிட ஆப்பிள்தான் அதிகம் உறுத்துகிறது. துட்டுக்காகச் செய்கிறவனுக்குத் தான் செய்வது என்னவென்று தெரியும். அன்பால் செய்கிறவனுக்கு அதுகூடத் தெரியாது. ஐ.சி.யூ. வாசலில் நாம் சொல்வதில்லையா, 'கடைசி வரைக்கும் பார்த்துட்டோம்னு ஒரு திருப்தி' என்று? யாருடைய திருப்தி? உள்ளே குழாய்களோடு படுத்திருப்பவரை யாராவது கேட்டோமா?

அவரையாவது கேட்க முடியும். குதிரையை? அது புலிக்கும் சிங்கத்துக்கும் இரையாகிப் பழகிய இனம், வலியைக் காட்டிக்கொள்ளாது. 2014-ல் குதிரையின் முகத்தை வைத்தே வலியை அளக்க ஓர் அளவுகோல் கொண்டுவந்தார்கள். காது விறைத்துப் பின்னால் போகிறதா, கண்ணுக்கு மேலே இறுக்கமா, மூக்குத்துவாரம் எப்படி என்று பார்த்து மார்க் போடுவார்கள். 2006-ல் அதெல்லாம் கிடையாது. தின்கிறதா, படுத்து எழுகிறதா, ஆளைப் பார்த்தால் காதை நிமிர்த்துகிறதா என்பதுதான் கணக்கு. வலியில்லாமல் இருக்கும்வரை போராடுவது, அது முடியாதபோது நிறுத்திவிடுவது என்பது அவர்கள் போட்டுக்கொண்ட நிபந்தனை.

நிபந்தனை போடுவது சுலபம் சார். டிசம்பரில், வீட்டுக்கு அனுப்பலாம் என்கிற அளவுக்குத் தேறியது. ஜனவரியில் இடது குளம்பு மறுபடி கெட்டது. 27-ம் தேதி வலது காலில் இன்னோர் ஆபரேஷன். உடனே முன்னங்கால்கள் இரண்டிலும் லேமினைட்டிஸ். ஊன்ற நல்ல கால் ஒன்றுகூட மிச்சமில்லை. எட்டு மாசம் பாடுபட்டவர்களுக்கு 'இன்னும் ஒரே ஒரு வைத்தியம்' என்று தோன்றாமலா இருந்திருக்கும்? 2007 ஜனவரி 29-ம் தேதி ஊசி போட்டு அனுப்பிவைத்தார்கள்.

ஜூலையிலேயே அதைச் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நானாக இருந்தால் ஜூலையில் பயந்துபோய் முடித்திருப்பேன். அல்லது, ஜனவரியிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பேன். இரண்டுக்கும் காரணம் குதிரை இல்லை, நான்தான்.

ஆனால் ஒன்று. ஆகஸ்ட் நடுவில் அதை முதல்முறையாக வெளியே கூட்டிப்போய் மேய விட்டார்கள். கால் இரண்டும் கட்டோடு, தலையைக் குனிந்து அது புல் தின்றது. ஜூலையில் முடித்திருந்தால் அந்தப் புல் இல்லை. அதற்கப்புறம் வந்த ஜனவரியும் இல்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?