உளநூல் கற்றார் உளமறிவாரோ?

பிறர் உள்ளத்தை அறிந்துவிட்டோம் என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு எப்பொழுது வருகிறது? உடன் வாழ்ந்ததால் வருகிறதா, நூல் கற்றதால் வருகிறதா? நெடுநாளாக என் மனத்துள் கிடந்த இவ்வினாவைச் சென்ற பள்ளி விடுமுறையில் என்னைக் காண வந்த முன்னாள் மாணவி ஒருத்தி மீண்டும் கிளறிவிட்டாள். அவள் பல்கலைக்கழகத்தில் உளவியல் இளங்கலைப் படிப்பின் இறுதியாண்டில் பயில்பவள்.

"முதலாண்டில் வீட்டில் இருக்கும் எல்லாரையும் நான் புரிந்துகொண்டுவிட்டேன், ஐயா. அப்பாவின் கோபத்துக்கு ஒரு பெயர், அம்மாவின் கவலைக்கு ஒரு பெயர், தம்பியின் சோம்பலுக்கு ஒரு பெயர் என்று வைத்திருந்தேன். இப்பொழுது அந்தப் பெயர்களைச் சொல்ல வாய் கூசுகிறது" என்றாள்.

கல்வி ஏறஏறத் துணிவும் ஏறும் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். இவளுக்கு அது இறங்கியது ஏன்? தொடக்கநிலைப் பாடநூல்கள் கண்டறிந்த முடிவுகளைத் தருகின்றன. இன்னார் ஆராய்ந்தார், இன்னது கண்டார் என்பதோடு அமைகின்றன. மேல்நிலைப் பாடங்களோ அவர் எவ்வாறு கண்டார், அவர் கண்டதை நாம் எவ்வளவு நம்பலாம் என்று கேட்கின்றன. புள்ளியியல், ஆய்வு முறை, அளவைச் சோதனைகளை அமைக்கும் முறை, ஆய்வு நெறி என்று அவள் பாடங்களை அடுக்கினாள். "மனத்தைப் படிக்கப் போய்ப் பாதி நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சிரிக்கவும் செய்தாள்.

2015-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி அவள் வாயிலாகவே அறிந்தேன். மூன்று உளவியல் இதழ்களில் 2008-இல் வந்த ஆய்வுகளுள் 100-ஐத் தெரிந்தெடுத்துப் பல நாட்டு ஆய்வாளர்கள் மீண்டும் செய்து பார்த்தனர். மூல ஆய்வுகளுள் 97 விழுக்காடு, புள்ளியியல் கணக்கின்படி பொருட்படுத்தத்தக்க முடிவைக் காட்டியவை. மறுமுறை செய்தபோது 36 விழுக்காடே அவ்வாறு காட்டின. இதைக் கேட்டு உளவியலே வெறும் புரட்டு என்று நகைப்பாரும் உளர். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. தன் விடைத்தாளைத் தானே திருத்தி, பெற்ற மதிப்பெண்ணை ஊரறியச் சொன்ன துறை அது. நம் ஆசிரியத் தொழிலில் அத்தகைய காரியத்தை நாம் செய்ததுண்டா?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கும் உளநூல் இருந்தது. பாவ்லவின் நாய், ஸ்கின்னரின் புறா, பியாஜேயின் படிநிலைகள் யாவும் தேர்வுக்காக மனனம் செய்யப்பட்டவை. வாட்சனும் ரேனரும் 1920-இல் வெளியிட்ட சோதனையையும் எழுதி நான் நல்ல மதிப்பெண் பெற்றேன். பதினொரு மாதக் குழந்தையின் முன் வெள்ளெலியை விட்டு, குழந்தை அதைத் தொடும்போதெல்லாம் பின்புறம் இரும்புத் தண்டில் ஓங்கி அடித்து அச்சமூட்டிய சோதனை அது. ஊட்டிய அச்சத்தை நீக்காமலேயே அக்குழந்தை மருத்துவமனையை விட்டுப் போயிற்று. அதன் பின் குழந்தை என்னவாயிற்று என்று விரிவுரையாளரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இவள் வகுப்பில் அதுதான் முதல் வினாவாம்.

அறிவளவைப் பற்றிய பாடமும் அப்படியே. 1905-இல் பாரிசில் பினேயும் சைமனும் அளவுகோல் ஒன்றை வகுத்தது, கூடுதல் உதவி வேண்டும் பிள்ளைகளைக் கண்டறிவதற்காக. அறிவு மாறாத அளவினது என்பாரைப் பினே தம் 1909-ஆம் ஆண்டு நூலில் மறுத்தார். கடல் கடந்து அமெரிக்கா சென்ற அதே கோல், பிறவியறிவை அளக்கும் கருவியாகக் கொள்ளப்பட்டது. நாங்கள் எண்களைப் படித்தோம். பினேயின் மறுப்பை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இனி என் கதையைச் சொல்லியாக வேண்டும். பணியேற்ற சில ஆண்டுகளில், ஒரு தோட்டப் பள்ளியில், பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன் என் வகுப்பில் இருந்தான். வாசிப்பு நூலைத் திறந்தால் தலை குனிந்துவிடுவான். வாய்க்கணக்கில் மட்டும் எனக்கு முன்னே விடை சொல்லுவான். அவனது பதிவேட்டில் 'மந்த புத்தி. முயற்சி இல்லை' என்று எழுதினேன். அடுத்த ஆண்டு ஆசிரியர் அதைப் படித்துவிட்டு அவ்வாறே எழுதினார். ஆறாம் ஆண்டு வரை அந்நான்கு சொற்கள் அவனுடனேயே வகுப்பேறின. டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாட்டைப் பற்றிப் பல்லாண்டு கழித்து ஒரு பயிலரங்கில் கேட்டபோது, அவன் கையெழுத்து என் கண்முன் வந்து நின்றது. அவனுக்கு இருந்தது அதுவே என்று இன்று நான் உறுதி கூறினால், பழைய தவற்றையே புதுப்பெயரில் செய்தவன் ஆவேன்.

இதை அவளிடம் சொன்னேன். உடனே ஆறுதல் கூறாமல் அவள் ஓர் ஆராய்ச்சியை நினைவூட்டினாள். ரோசென்தாலும் ஜேக்கப்சனும் 1968-இல் நூலாக வெளியிட்டது. கலிபோர்னியப் பள்ளி ஒன்றில், ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயரைக் குலுக்கலாக எடுத்து, இவர்கள் விரைவில் மலர்வார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகளின் மதிப்பெண் பிறரைவிட ஏறியது. பயிற்சிக் காலத்தில் இதைக் கேட்டு நெகிழ்ந்தவன் நான். அவளோ இதன் மறுபக்கத்தையும் படித்திருந்தாள். அச்சோதனையின் அளவைமுறை கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. பின்னர் 1984-இல் ராடன்புஷ் என்பார் இவ்வகைச் சோதனைகள் 18-ஐத் தொகுத்துப் பார்த்தபோது, ஆசிரியர் அப்பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகியபின் சொல்லப்பட்ட சொல் ஏறக்குறைய எவ்விளைவும் தரவில்லை.

பள்ளியில் பல்லாண்டு பணியாற்றியோர் இதற்கு வியக்கமாட்டார்கள். ஆயினும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் பதிவேடு அடுத்த ஆசிரியரின் கைக்குப் போனது பள்ளி தொடங்கிய முதல் நாளில் அல்லவா?

அப்படியாயின் எவருக்கும் எப்பெயரும் வைக்காதிருப்பதே அறமா? நான் அவ்வாறு கேட்டதும் அவள் மறுத்தாள். பெயர் இல்லையேல் உதவியும் இல்லை. வாசிப்புக் குறைபாடு உடைய பிள்ளையை 'போகப்போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுவதும் கொடுமையே என்றாள். அது மெய். பெயரிடுவது யார், எவ்வளவு பார்த்தபின், எதற்காக என்பதே வினா. "நான் பட்டம் பெற்றாலும் யாருடைய குறையையும் நிர்ணயம் செய்ய முடியாது, ஐயா. அதற்கு முதுகலையும் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும்" என்றாள். ஒரு பாடத்தாள் உளநூல் படித்துவிட்டு முப்பதாண்டு நிர்ணயம் செய்து வந்தவனிடம்தான் அதைச் சொல்கிறோம் என்பதை அவள் எண்ணியிருக்க மாட்டாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றைப் பற்றிய படிவம் என் மேசைக்கு வந்தது. வகுப்பாசிரியை தம் பகுதியை நிரப்பியிருந்தார். தலைமையாசிரியர் கருத்து என்ற இடம் காலியாக இருந்தது. முன்பெனில் மாலைக்குள் கையெழுத்திட்டு அனுப்பியிருப்பேன். இப்பொழுது நாள்தோறும் முதல் பாடவேளையில் அவ்வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு சிறு நாற்காலியில் போய் அமர்கிறேன். பிள்ளை முதலில் என்னைக் கண்டு அஞ்சியது. நேற்றுத் தன் வண்ணப் பென்சிலைக் கூராக்கித் தரச் சொல்லி என்னிடம் நீட்டியது. இன்றோடு ஒன்பது நாள் ஆயிற்று. படிவம் இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது.