மிதப்பது மனமுறிவா?

கண்ணாடி உருளையில் சுண்டெலியை நீந்தவிட்டு, ஸ்டாப்வாட்ச்சோடு எதிரே உட்கார்வது என் ஆய்வக வேலை. ஆறு நிமிடச் சோதனை. கடைசி நான்கு நிமிடங்களில் அது அசையாமல் மிதக்கும் நொடிகளைக் குறிப்பேன். 1977இல் ரோஜர் போர்சோல்ட் குழு வெளியிட்ட முறை. அசைவின்மையை அவர்கள் மனமுறிவு என்று கொண்டார்கள். மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின் கொடுத்தால் அந்த நேரம் குறைகிறது. பெரிய எலிகளில், அதே நோய்க்கான மருந்துகளில் டெசிப்ரமின் சுவரேறும் முயற்சியையும், ஃப்ளுவாக்ஸெடின் நீச்சலையும் கூட்டுகின்றன.

மூக்கை மட்டும் வெளியே நீட்டி, பின்னங்காலை லேசாக உதைத்து மிதக்கும் உயிர் நம்பிக்கை இழந்துவிட்டதா, பலத்தைச் சேமிக்கிறதா? எலியிடம் சில மணி நேரத்தில் வேலை செய்யும் மருந்துக்கு மனிதரிடம் வாரக்கணக்கில் ஆகிறதே! நாங்கள் அளப்பது துக்கம் அல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் துண்டால் துவட்டும்போது அந்த உடல் நடுங்குவது என் உள்ளங்கையில் தெரிகிறது. அளக்க முடியாத துக்கத்துக்காக இந்த அச்சத்தை உண்டாக்கும் உரிமை நமக்கு எப்படி வந்தது என்று நெறிமுறைக் குழுவில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.