வலக்கண்

சீடன்: ஐயா, வில்லி ஓ'ரீயின் வாழ்க்கைக் குறிப்பை எழுதி முடித்துவிட்டேன். ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள்.

குரு: படி.

சீடன்: "ஐஸ் ஹாக்கி ஆடிய முதல் கறுப்பின வீரர் வில்லி ஓ'ரீ."

குரு: அடித்துவிடு.

சீடன்: முதல் வரியையேவா? ஊரெல்லாம் அப்படித்தானே சொல்கிறது!

குரு: கனடாவில் ஹாலிஃபாக்ஸ் பக்கத்துக் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று ஒரு லீக் தொடங்கியது 1895இல். ஓ'ரீ ஃபிரெடெரிக்டனில் பிறந்தது 1935இல். அவருக்கு நாற்பது வருஷம் முந்தியே பனியில் ஓடியவர்கள் அத்தனை பேரையும் உன் ஒரு வரி இல்லாமல் ஆக்கிவிட்டது. ஹெர்ப் கார்னெகி என்று ஒருவர் இருந்தார். கியூபெக்கில் ஜான் பெலிவோவோடு ஒரே அணியில் ஆடியவர். தேசிய ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே போகவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்து இந்த வரியைப் படிக்க உனக்கு நா எழுமா?

சீடன்: எழாது, ஐயா. "என்.எச்.எல்.லில் ஆடிய, வெள்ளையர் அல்லாத முதல் வீரர்" என்று மாற்றிவிடுகிறேன்.

குரு: அதுவும் தப்பு. 1948 மார்ச் 13. நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியில் லாரி குவாங் என்ற சீனக் குடும்பத்துப் பிள்ளையை மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில் இறக்கினார்கள். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஏறத்தாழ ஒரு நிமிஷம். அவருடைய என்.எச்.எல். வாழ்க்கை அவ்வளவுதான். பத்து வருஷம் கழித்து, 1958 ஜனவரி 18 அன்று, பாஸ்டன் புரூயின்ஸ் சட்டை போட்டுக்கொண்டு ஓ'ரீ முதன்முதலாக இறங்கியதும் அதே ஃபோரத்தில்தான். எனக்கு அந்த ஒரு நிமிஷம் பெரிது. அதை விழுங்கிவிட்டு இன்னொருவருக்கு மாலை போடக் கூடாது.

சீடன்: இப்படி ஒவ்வொன்றாகக் கழித்தால் ஓ'ரீக்கு என்னதான் மிஞ்சும்?

குரு: என்.எச்.எல்.லில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். வேலி போட்ட நிலம் அது, யாரும் வந்து பங்கு கேட்க முடியாது. 1961இல் அவர் அங்கே கடைசியாக ஆடினார். அடுத்த கறுப்பின வீரர் மைக் மார்சன் வந்தது 1974இல். நடுவில் பதின்மூன்று வருஷம் ஒருவர்கூட இல்லை. பெருமை தேடுகிறாயே, அந்த வெற்றிடத்தை எழுது. அவர் என்ன கதவைத் தள்ளினார் என்பது தானே தெரியும். சரி, மேலே படி.

சீடன்: "அங்கே கோல் மழை பொழிந்த அவரை 2018இல் ஹாக்கியின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்."

குரு: எத்தனை கோல்?

சீடன்: நான்கு. ஆடியது 45 ஆட்டம். நான்கு என்று எழுதக் கை வரவில்லை, ஐயா. அவர் மேல் அவ்வளவு பிரியம்.

குரு: பிரியம் இருப்பவன் ஆளை உள்ளபடி பார்ப்பான். அந்த மண்டபத்தில் அவரைச் சேர்த்தது ஆட்டக்காரர் வரிசையில் இல்லை, விளையாட்டை வளர்த்தவர்கள் வரிசையில். 1998 முதல் என்.எச்.எல். சார்பில் ஊர் ஊராகப் போய், ஹாக்கி தங்களுக்கு இல்லை என்று நினைத்திருந்த பிள்ளைகளைப் பனிக்குக் கூட்டிவந்தார். நீ இல்லாத கோலைச் சேர்க்கப் போய், இருந்த இருபது வருஷ உழைப்பைத் தொலைத்தாய்.

சீடன்: திருத்துகிறேன். அடுத்தது கண். "இருபது வயதில் பக் என்ற ஆட்ட வட்டு பட்டு இடக்கண் பார்வை போனது. அதை மறைத்துக்கொண்டே ஆடினார்."

குரு: எந்தக் கண்?

சீடன்: இடமோ வலமோ... ஒரு கண் போனது உண்மைதானே, ஐயா?

குரு: எழுந்து நில். வலக்கண்ணைப் பொத்திக்கொள். நேரே அந்த ஜன்னலைப் பார். திண்ணை மேல் இந்தத் தம்ளரை உன் வலப்பக்கமாகத் தள்ளுகிறேன். தெரியும்போது சொல்.

சீடன்: இன்னும் இல்லை... இல்லை... ஐயோ, கையில் வந்து இடித்த பிறகுதான் தெரிகிறது!

குரு: புரூயின்ஸில் அவர் ஆடியது இடது விங். தளத்தின் இடது ஓரத்தை ஒட்டி ஓடுபவருக்கு அரங்கம் முழுக்க வலப்பக்கம். பக் வருவதும் அங்கிருந்து, மோத வரும் ஆளும் அங்கிருந்து. போனதோ வலக்கண், 95 விழுக்காடு. ஒவ்வொரு பாஸுக்கும் முகத்தை வலத்தோளுக்கு மேல் முழுசாகத் திருப்பி இடக்கண்ணால் பார்க்க வேண்டும். பக் போகும் வேகத்தில்! நீ ஒரே ஒரு சொல்லை மாற்றிப் போட்டாய், அந்த மனிதர் பட்ட பாடு முழுக்கக் காணாமல் போயிற்று.

சீடன்: பிறகு மேற்கு லீக் என்ற வேறொரு லீகில், லாஸ் ஏஞ்சல்ஸ் அணியில் வலது விங்குக்கு மாற்றினார்களே. அப்போது இடக்கண் தளத்தைப் பார்த்திருக்கும். அந்த மேற்கு லீகில் 1964-65 பருவத்தில் 38 கோல், சான் டியேகோவுக்குப் போய் 1968-69இல் மறுபடி 38. அப்படியானால் இரண்டு கண்ணும் இருந்திருந்தால் என்.எச்.எல்.லில் நூறு கோல் அடித்திருப்பார் என்று எழுதலாமா?

குரு: உண்மையை அறியக் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவை படித்தாயே. நான்கு கோல், 38 கோல் எல்லாம் கண்டவர்கள் குறித்து வைத்தது. கண் போன கதை உரை. ஒரு கண் தெரியாதவரை ஆட விடாத விதி என்.எச்.எல்.லில் இருந்தது, அதனால் மறைத்தார். பின்னாளில் அவரே வாய் திறந்ததால் நமக்குத் தெரிகிறது. நீ சொல்லும் நூறு கோல் கருதல். அதற்கு ஏது வேண்டும். லீக் வேறு, எதிராளிகள் வேறு, வயது வேறு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விலகி நில்.

சீடன்: அந்த வரியை இப்போதே எழுதிவிடுகிறேன். அதற்கு முன்னால் தம்ளரை இன்னொரு தரம் தள்ளுங்கள், ஐயா.

குரு: எதற்கு? இப்போதுதான் பார்த்தாயே.

சீடன்: இந்தத் தரம் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன். வாசல்வரை இடம் இருக்கிறது.