கம்பரிடம் வினவலாமா?

போற்றுதற்குரிய எழுத்தாளரிடம் கடினமான வினாவை எழுப்பினால் மரியாதை குறைந்துவிடும் என்று நம்மில் பலர் கருதுகிறோம். திருவரங்கம் அவ்வாறு கருதியதில்லை. தாயார் சந்நிதிக்கு எதிரேயுள்ள மண்டபத்தில் கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றியபோது, இரணியன் வதையைச் சேர்த்தது ஏன் என்று அவையோர் தடுத்தனராம். மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றாராம். சிங்கர் தலையசைத்ததையே எல்லாரும் சொல்லி மகிழ்கிறார்கள். நமக்கோ அந்தத் தடை எழுந்ததே பெரிதாகப் படுகிறது.

அந்த அவையின் வழிவந்தவராகவே நாகூர் ஈன்ற நீதிபதி மு. மு. இஸ்மாயீல் அவர்களை எண்ணுகிறோம். கம்பரில் தோய்ந்தவர், ஆயினும் மறைந்துநின்று அம்பெய்த இராமனை வாலி கேட்ட கேள்விகளை அவர் மழுப்பவில்லை. ‘மூன்று வினாக்கள்’ என்று தனி நூலே எழுதினார். பிறர் காப்பியத்தில் நமக்கென்ன வேலை என்போர் உண்டு. வினவும் அளவுக்கு உரிமை கொள்ளாமல் நேசிப்பது எங்ஙனம்? அவசரநிலையின்போது சென்னை மத்திய சிறையில் நிகழ்ந்த கொடுமைகளை விசாரிக்க 1977இல் அமைந்த ஆணையமும் அவருடையதே. வீழ்ந்துகிடந்த வாலியின் வழக்கைச் செவிமடுத்தவர், அடைபட்டுக் கிடந்தோரின் முறையீட்டையும் கேட்டார்.

காவிரிக்கு இக்கரையில், திருச்சியில், 1973இல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய முதல் மாநாடு கூடியது. அன்றுமுதல் உமறுப் புலவரைப் பாராட்டும் மேடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் சீறாப்புராணத்தைப் புரட்டும் பிள்ளை, “பாலைமணல் நாட்டில் ஆற்று வெள்ளமும் நெல்வயலும் எப்படி வந்தன, வாப்பா?” என்று கேட்டால், அதட்டாமல் அருகில் அமர்ந்து அந்தப் படலத்தை அவனோடு சேர்ந்து படிக்கும் வாப்பாமார் நம் வீடுகளில் எத்தனை பேர்?