காபிக்கடையில் ஜீவகாருண்யம்

சின்னசேலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடைகளுக்குக் குறைவில்லை. பெஞ்சுக்கு அடியில் நாய் படுத்திருக்கும், சிந்திய பன் துண்டுக்குக் காகம் வந்து போகும். அதற்கென்று யாரும் தனியாகக் காசு வாங்குவதில்லை. டோக்கியோவிலும் பாங்காக்கிலும் வாங்குகிறார்கள். கட்டணம் கட்டி ஒரு காபியோடு உட்கார்ந்தால் கையில் ஆந்தையை உட்கார வைப்பார்கள், மடியில் கீரி போன்ற மீர்கேட் ஏறும், கழுத்தில் பாம்பைப் போடுவார்கள். விலங்கு கஃபே என்ற இந்த வியாபாரம் 1998-இல் தைவானின் தைபே நகரில் பூனைகளோடு தொடங்கியது. பிறகு ஆந்தை, நீர்நாய், ரக்கூன், பாலைவனத்து ஃபென்னக் நரி என்று காட்டு உயிர்கள் பக்கம் நகர்ந்துவிட்டது. ஜப்பானில் மட்டும் 142 கடைகளில் 419 இனங்களைச் சேர்ந்த 3,793 விலங்குகள் இருப்பதாக 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் 52 இனங்கள் அழியும் அபாயத்தில் இருப்பவை. 2023 நவம்பரில் இந்தியர்கள் விசா இல்லாமலே தாய்லாந்து போகலாம் என்றானது. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்களுக்கும் பாங்காக் இப்போது எட்டாத ஊர் இல்லை. போய் வந்தவர்களின் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் புத்தர் கோயிலுக்கு அடுத்த படமாகத் தோளில் ஏறிய விலங்கு சிரிக்கிறது, அல்லது சிரிப்பதுபோல் இருக்கிறது. இப்படிப் போய் ஒரு விலங்கைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவது உயிர்களிடத்து அன்பு ஆகுமா? ஆகாது என்பதே என் பதில். அங்கே கொடுமை நடக்கிறது என்பதற்காக மட்டும் இப்படிச் சொல்லவில்லை. கொடுமையே இல்லாத, சுத்தமான, ஏ.சி. போட்ட கடையாக இருந்தாலும் ஆகாது. வேண்டாம் என்று விலகிப்போக வழியில்லாத உயிரிடம் நாம் காட்டுவது கருணைக் கணக்கில் சேராது.

இதை விளக்கச் சமணத்திலிருந்து தொடங்குகிறேன். நம் மாவட்டத்துக்கு அது அந்நியச் சமயம் இல்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கத்துத் திருநறுங்கொண்டைக் குன்றின்மேல் தீர்த்தங்கரர் பார்சுவநாதர் அப்பாண்டைநாதராக இன்றும் வழிபாட்டில் இருக்கிறார். சமணம் என்றதும் கொல்லாமைதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் இல்லறத்தார் எடுக்கும் அந்த விரதத்துக்கு எவை எவை குற்றம் என்று உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் சொல்லும் பட்டியலில் கொலை இல்லை. கொலை செய்தால் விரதமே முறிந்துபோகும், அது வேறு விஷயம். முறியாமல் கறைபடும் இடங்கள் ஐந்து: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், தீனியையும் தண்ணீரையும் தடுத்தல். அடிப்பதற்கும் முன்னால் கட்டிவைத்தலை நிறுத்தியிருக்கிறார்கள். மாடு கன்று இல்லாமல் குடும்பம் நடக்குமா என்ற கேள்வி அந்தக் காலத்திலும் எழுந்திருக்க வேண்டும். அதனால்தான் உரைகாரர்கள் விளக்கம் சொன்னார்கள்: தக்க காரணம் இருந்தால் கட்டலாம், தீப்பிடித்தால் சட்டென்று அவிழ்க்கிற மாதிரித் தளர்வாகக் கட்ட வேண்டும், கட்டாமலே நம்மோடு நிற்கிற பிராணிகளை வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் மேல். இந்த அளவுகோலை நான் பெரிதாக மதிக்கிறேன். விலங்கு வதைபட்டதா என்பதோடு அது நின்றுவிடவில்லை. முடிச்சு யாருக்காகப் போடப்பட்டது, அவிழ்த்துவிட்டால் அந்த உயிர் என்ன செய்யும் என்று கேட்கிறது. கஃபேயின் கதவைத் திறந்துவிட்டால் மாலையில் எத்தனை ஃபென்னக் நரிகள் திரும்பி வரும்?

ஆந்தைக் கடையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கம்பில் வரிசையாக ஆந்தைகள். ஒவ்வொன்றின் காலிலும் தோல்வார், அதிலிருந்து ஒரு சாண் இரண்டு சாண் கயிறு. ஆந்தைகளில் பெரும்பாலானவை இரவில் இரை தேடிப் பகலில் உறங்குபவை; கடை பகலில் திறந்திருக்கும். புறங்கையால் மட்டும் தடவுங்கள், தலையை மட்டும் தொடுங்கள் என்று விதி சொல்லித் தருவார்கள். விதி இருப்பதைக் கண்டு வந்தவருக்கு மனம் நிறைந்துவிடுகிறது, அக்கறையாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று. தடவலாமா என்று ஆந்தையிடம் கேட்கும் விதி எதுவும் கிடையாது. பால் பைதான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதைக் கையில் வாங்கியவர், எவ்வளவு சாதுவாக இருக்கிறது பார் என்கிறார். தென்கிழக்கு ஆசியாவின் மந்தத் தேவாங்கு, கிச்சுகிச்சு மூட்டினால் கைகளை மேலே தூக்குவதை இணையத்தில் பல லட்சம் பேர் பார்த்து ரசித்தார்கள். முழங்கைப் பக்கம் உள்ள சுரப்பியை வாய்க்கு அருகில் கொண்டுவந்து, விஷக் கடிக்குத் தயாராகும் நிலை அது. கடிக்காமலிருக்க வியாபாரிகள் அதன் பற்களை வெட்டிவிடுவதும் உண்டு. சமணர் பட்டியலில் மூன்றாவது குற்றம். அந்த உயிர் வேண்டாம் என்று சொல்லாமல் இல்லை. சொல்வது நமக்குப் புரிவதில்லை, புரியாதவரை கடைக்கு லாபம். திருநறுங்கொண்டைப் பார்சுவநாதரின் தலைக்கு மேலும் ஒரு பாம்பு படம் விரித்து நிற்கிறது. எரியும் கட்டையிலிருந்து அவர் மீட்ட பாம்பு, தரணேந்திரன் என்ற நாகராஜனாகப் பிறந்து தானாகவே வந்து குடை பிடித்தது என்பது கதை. அதை அவர் கழுத்தில் யாரும் எடுத்துப் போடவில்லை.

சைவ மரபுக்குள்ளிருந்து கிளம்பி அதையும் தாண்டிப்போன வள்ளலாரும் இதே திசையைத்தான் காட்டுகிறார். பழைய தென்னார்க்காடு மாவட்டம் பிரிவதற்கு முன்பு அவருடைய வடலூரும் நம் சின்னசேலமும் ஒரே மாவட்டம். அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கம் பிற உயிரின் துன்பத்தைக் காண்பதிலிருந்து தொடங்குகிறது. பசி தீர்த்தல் அதில் முதலிடம். 1867-இல் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அடுப்பு இன்றும் எரிகிறது. வந்தவர் சாப்பிடலாம், சாப்பிட்டு எழுந்து போகலாம். இருந்து நம்மைச் சந்தோஷப்படுத்து என்று யாரும் பிடித்துவைப்பதில்லை. கஃபேயிலும் தீனி கொடுக்கிறார்கள். கிண்ணத்தில் புழுவோ இறைச்சித் துண்டோ வைத்துத் தனிக் காசுக்கு விற்கிறார்கள். வயிறு நிறைந்த விலங்கு வாடிக்கையாளரின் கைக்கு வராது என்பதால் பசியை அளந்துவைக்க வேண்டியிருக்கும். அங்கே யாருடைய தேவை முதலில் நிற்கிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. இதற்கு நேர் எதிரான வழக்கம் நம் வீட்டு மொட்டைமாடியிலேயே இருக்கிறது. அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைக்கிறோம். கா கா என்று கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நிற்கிறோம். வரவில்லையென்றால் வீடே கலங்குகிறது, என்ன குறை வைத்தோம் என்று யோசிக்கிறது. ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்ற அதிகாரத்தைச் சடங்கு காகத்தின் கையில் கொடுத்திருக்கிறது. அப்படிக் கொடுத்திருப்பதால்தான் அது வந்து ஒரு வாய் எடுத்ததும் நமக்கு நிம்மதி. காகத்தைப் பிடித்துக் கூண்டில் அடைத்துச் சோறு ஊட்டினால் அந்த அமாவாசைக்கு என்ன பலன் என்று எந்தப் பாட்டியையும் கேட்டுப் பாருங்கள்.

காட்டில் பசியும் பகையும் நோயும்தானே, இங்கே மூன்று வேளை சாப்பாடும் டாக்டரும் உண்டே என்பார்கள். இதற்கு 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்ன விலங்குகளின் ஐந்து சுதந்திரங்கள் பதிலாகும். அந்தத் தீர்ப்பின் முடிவை ஏற்காதவர்களும் இந்தப் பகுதியை மறுக்க முடியாது. பசியில்லாமல் இருப்பதும் நோயில்லாமல் இருப்பதும் அவற்றில் இரண்டுதான். அச்சமின்றி இருப்பதும், தன் இயல்புப்படி நடந்துகொள்வதும் அதே வரிசையில் வருகின்றன. ஆபத்தில்லாத வாழ்க்கைக்காக நம்மை யாராவது ஓர் அறையில் பூட்டி, தினமும் இருநூறு பேர் தலையைத் தடவ ஏற்பாடு செய்தால் நன்றி சொல்வோமா? குழந்தைகள் தொட்டுப் பழகினால்தானே விலங்குகள்மேல் பாசம் வரும் என்ற வாதம் இன்னும் பலமானது, அதை எளிதில் தள்ள மாட்டேன். பாசம் வரும். அந்தப் பாசம் எதை நோக்கிப் போகிறது என்பதுதான் சிக்கல். கிழக்காசியாவில் நீர்நாய்க் குட்டியை வளர்க்கும் ஆசை பெருகி, காடுகளில் வேட்டை மிகுந்ததால், 2019-இல் சிறுநக நீர்நாயை உலக வணிகத் தடைப் பட்டியலான சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்புக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதே கூட்டத்தில் அதே இணைப்புக்கு மாற்றப்பட்டது நம் வறண்ட புதர்க்காட்டு நட்சத்திர ஆமை. வெளிநாட்டு வரவேற்பறைகளுக்காக நம்மிடமிருந்து ஆமை போகிறது. அங்கிருந்து பாம்பும் குரங்கும் இங்கே வருகின்றன. 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் ஆப்பிரிக்காவின் டி பிராசா குரங்கு ஒன்றும், 15 ராஜபாம்புகளும், 5 பால் பைதான்களும், 2 அல்டாப்ரா ஆமைகளும் இருந்தன. இவற்றை வாங்க விரும்பியவர்கள் யாரும் விலங்குகளை வெறுப்பவர்களாக இருக்க முடியாது. பிடிக்கும், அதனால் வேண்டும் என்று நினைத்தவர்கள்.

பாங்காக்கின் கதை இன்னும் நுட்பமானது. அங்கே கோயில் வாசலில் கூண்டுப் பறவையைக் காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிட்டால் புண்ணியம் என்று ஒரு வழக்கம் உண்டு. விடுவதற்கு ஆள் இருப்பதால்தான் பிடிப்பதற்கும் ஆள் இருக்கிறான். வாங்கியவரின் மனம் தூய்மையானது, பறவையும் பறந்தது, ஆனால் அந்தப் புண்ணியமே வலையைப் பின்னியது. இங்கிருந்து சேலம் போகும் வழியில் தலைவாசலை அடுத்த தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. அந்தப் புத்தரின் போதனையில் இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வியாபாரங்களில் உயிர்களை விற்பதும் ஒன்று. கொல்வதற்காக விற்பது என்று அங்கே குறுக்கவில்லை. கஃபேக்குப் போகிறவர் விற்பவர் இல்லைதான். ஆனால் அவர் கட்டும் கட்டணம் இல்லாமல் அந்தக் கடையில் ஒரு கூண்டும் இல்லை.

எல்லாவற்றையும்விட நம்மைக் குத்துகிற ஆட்சேபம் வேறு. மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுகிறோம், ஆட்டைச் சாமிக்கு வெட்டுகிறோம், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நிற்கிறோம், கோயில் வாசலில் யானையின் துதிக்கையில் காசு வைத்து ஆசி வாங்குகிறோம். நமக்கு மீர்கேட்டைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை? பாதி நியாயம் இதில் இருக்கிறது. யானை விஷயத்தில் முழு நியாயமே இருக்கிறது என்பேன். 2023-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களும் தனியாரும் இனிப் புதிதாக யானை பெறக் கூடாது என்றது. 2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை தன் பாகனையும் அவருடைய உறவினரையும் மிதித்துக் கொன்றது. பக்தி என்ற பெயர் சங்கிலியை இலேசாக்கிவிடாது. மாடும் நாயும் பூனையும் வேறு கணக்கு. பல ஆயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்து, மனிதனை ஒட்டியே இயல்பு அமைந்துபோன உயிர்கள் அவை. அவிழ்த்துவிட்ட மாடு பொழுதுசாய வீட்டுக்கு வரும். இதனால் தெருநாய்களுக்கும் பூனைகளுக்கும் வீடு தேடித் தரும் கஃபேக்களை இந்த வாதத்தில் நான் சேர்க்கவில்லை. அவை நல்ல காரியமாகக்கூட இருக்கலாம். கறி தின்பவன் பேசலாமா என்றால், பேசலாம். ஒரு குற்றத்தை விட முடியாதவன் இன்னொன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று எந்த அறநூலும் சொல்லவில்லை.

சட்டப்படி பதிவு செய்திருக்கிறோம் என்று நம் நாட்டில் இவற்றை வைத்திருப்பவர்கள் சொல்லும் பதிலைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது; 2024-இல் அதற்கான விதிகளும் வந்தன. அது விலங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் சட்டம். நம் தோளில் அது எதற்காக இருக்கிறது என்பது சட்டத்தின் கேள்வி இல்லை. போகாவிட்டால் கடை மூடும், விலங்குகள் தெருவுக்கு வருமே என்பவர்களுக்குத் தென்கொரியா ஒரு வழி காட்டியிருக்கிறது. பதிவு பெற்ற விலங்குக்காட்சிச் சாலைகளுக்கு வெளியே காட்டு விலங்குகளைக் காட்சிக்கு வைப்பதை 2023 டிசம்பரில் அந்நாடு தடைசெய்தது. ஏற்கெனவே நடந்துவந்த கடைகளுக்கு 2027 டிசம்பர் வரை அவகாசம். கைவிடப்படும் விலங்குகளுக்கு அரசு காப்பகம். புதிதாக ஒரு ரக்கூனைக் கொண்டுவராமல், இருப்பவற்றை அவற்றின் ஆயுள்வரை பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு இது போதும்.

விலங்குகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நல்ல ஆசை. கல்வராயன் மலைப்பாதையில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் எறிவதில் அதை வீணாக்க வேண்டியதில்லை. சின்னசேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் வழியாகச் சென்னை போகிறவர்கள் மதுராந்தகம் தாண்டும்போது வேடந்தாங்கலுக்கு மிக அருகில் போகிறார்கள். 1790-களிலேயே அந்த ஊர்க்காரர்கள், பறவைகளைச் சுடக் கூடாது என்று செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு உத்தரவு வாங்கினார்கள். பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து அவர்கள் வயலுக்கு உரமாகிறது. நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் எந்தக் கயிறும் இல்லாமல் வருஷா வருஷம் வருகின்றன. நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. எதையும் தொட முடியாது.