எது தேவை?

அம்பிட்டியவுக்கு அருகே ஹந்தானை மலையில் முதன்முறை முகாமிடப் போகும் மகன் நீண்டதொரு பட்டியலை நீட்டுகிறான். என்ன செய்வீர்கள்?

மலை கேட்பது சிலவே: காலுக்குப் பழகிய சப்பாத்து, மழை ஒழுகாத கூடாரம், போர்வை, மாற்றுடை, டோர்ச், தண்ணீர், அட்டைக்கு உப்பு. இவற்றில் கஞ்சத்தனம் சிக்கனமன்று. நனைந்த உடலைக் குளிர் மன்னிக்காது. கூடாரத்தை இரவல் வாங்கலாம். சப்பாத்து இரவலானால் கொப்புளமே மிஞ்சும். உடல் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் சுமப்பது ஆகாது; 50 கிலோப் பையனுக்கு 10 கிலோவே எல்லை.

மீதமெல்லாம் பெரும்பாலும் பிறர் கண்ணுக்காகத்தான். அதைக் கண்டு, வாங்க வசதியற்ற தோழன், "எனக்கு வர விருப்பமில்லை" என்று பொய் சொல்லி ஒதுங்குவான்.

ஆகவே வாங்குமுன் மகனிடம் கேளுங்கள்: இந்தப் பொருள் மழையைத் தடுக்குமா, தோழனைத் தடுக்குமா?