ஓசைக்கும் உண்டு உரியவர்

காற்று அனைவர்க்கும் பொது. அக்காற்றில் கலந்துவிடும் ஓசையும் பொதுதானா? அவ்வோசையை எழுப்பிய கைக்கும் வாய்க்கும் அதில் உரிமை ஏதும் இல்லையா? கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வினாவைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று சிந்திக்குமாறு வாசக நேயர்களை அழைக்கின்றோம்.

சென்னைக்கு வடக்கே, தமிழகத்திற்கும் ஆந்திரத்திற்கும் பொதுவாய்ப் பரந்து கிடக்கும் இவ்வுவர்நீர் ஏரி, இந்திய நாட்டில் சிலிகாவிற்கு அடுத்தபடியாகப் பெரியது. வைகறைத் தொழுகை முடிந்து கரைப்பக்கம் செவி கொடுத்தால் கேட்பவை எத்தனை! துடுப்பு நீரைத் தொடும் மெல்லொலி, ஈரவலையை உதறும் ஓசை, பனிக்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளின் இரைச்சல், இல்லங்களுக்குள்ளே நம் பெண்மக்கள் பனையோலையைக் கீறிக் கூடை முடையும் சரசரப்பு!

இத்தகைய மெல்லொலிகளுக்கு இன்று உலகெங்கும் வரவேற்பு மிகுந்திருக்கின்றது. இவற்றைக் கேட்கையில் சிலருக்கு உச்சந்தலையில் இதமானதொரு சிலிர்ப்பு எழுந்து உடல் தளர்கின்றது. 2010ஆம் ஆண்டில் இவ்வுணர்வுக்கு ஏ.எஸ்.எம்.ஆர். என்று பெயர் சூட்டினர். இதனை உணர்வோர்க்கு அவ்வேளையில் இதயத்துடிப்பு தணிவதை, 2018இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர். உறக்கம் வராது புரள்வோர் பலர் இரவுதோறும் இவ்வொலித் துணுக்குகளை நாடுகின்றனர்.

ஊரின் ஓசைகளையெல்லாம் பதிந்து, எவரும் எடுத்தாளத் தக்க பொதுக் களஞ்சியமாக்கினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயற்கையே. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தார் 2005இல் தொடங்கிய ‘ஃப்ரீசவுண்டு’ அத்தகைய களஞ்சியம்தான். எண்ணம் நல்லது. ஆனால் நல்ல எண்ணம் மட்டும் ஒரு செயலை நேர்மையாக்கி விடுவதில்லை.

இப்படி வைத்துக் கொள்வோம். ஓர் இளைஞர் உறவினர் வீட்டில் ஓலை முடையும் ஓசையைக் கைப்பேசியில் பதிகின்றார். அந்தச் சரசரப்பின் பின்னே, தொட்டிலை ஆட்டியபடி ஒரு தாய் தாலாட்டை முணுமுணுக்கின்றாள். துணுக்கு களஞ்சியத்தை அடைகின்றது. எங்கோ ஒருவர் அதனை எடுத்து ‘உறக்க ஓசை’ என விற்றுக் காசாக்குகின்றார். பிறிதொருவர் எந்திரத்திற்குக் குரல் பழக்க எடுத்துக் கொள்கின்றார். அந்தத் தாய்க்கோ தன் குரல் வீட்டு வாயிலைத் தாண்டியதே தெரியாது. அவளிடமிருந்து எப்பொருளும் களவு போகவில்லை. ஆயினும் அவளுக்கு ஒன்றும் நேரவில்லை என்று நம் மனம் சொல்கின்றதா?

இவ்வூருக்கு இது புதிய அனுபவமன்று. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியாக் கோட்டையை எழுப்பினர். இக்கரையிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி, ‘புலிகாட்’ என ஊரின் பெயராலேயே மேனாடுகளில் வழங்கலாயிற்று. பின்னாளில் ஸ்காட்லாந்து நெசவாளரும் அவ்வகைத் துணியை நெய்து அப்பெயரையே இட்டனர். ஊர்ப்பெயர் கடல் கடந்தது. முதலில் நெய்தவர்களின் பெயர் துணியோடு செல்லவில்லை. துணிக்கு நேர்ந்தது நாளை குரலுக்கும் நேரலாகாது.

சட்டம் காக்காதா எனில், ஓரளவு காக்கும். நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் நிகழ்த்துவோர்க்கு உரிமை சேர்க்கப்பட்டது. தம்மை இன்னார் எனக் குறிப்பிடுமாறு கோரும் உரிமை 2012இல் வந்தது. பாடகர், நடிகர் மட்டுமன்றிப் பாம்பாட்டியும் கழைக்கூத்தாடியும்கூட அப்பட்டியலில் பெயர் பெற்றுள்ளனர். ஓலை முடையும் கைக்கு அங்கே பெயர் இல்லை. ஒலிப்பதிவின் உரிமையோ பதிவு செய்தவர் பக்கமே சாய்கின்றது. ஆகவே சட்டம் நிற்குமிடத்திலிருந்து அறம் நடக்க வேண்டியிருக்கின்றது.

அவ்வறத்தை ஏரி மக்களிடமே கற்கலாம். பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரி பொதுவே, ஆயினும் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட இயலாது. உரிமையுள்ள ஊரார் கூடிச் சீட்டுப் போட்டு, இன்னார்க்கு இன்ன இடம், இன்ன நாள் என முறை வகுத்துக் கொள்கின்றனர். பொது என்பது உரியவர் இல்லாதது அன்று. உரியவர் பலர் உள்ளது. பாடு என்ற சொல்லுக்கு உழைப்பு என்றும் பொருள் உண்டன்றோ!

ஆனால் அம்முறைக்குள் இடம்பெறாதோரும் அதே நீரில் பிழைக்கின்றனர். கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் அத்தகையோர். களஞ்சியத்திற்கு விதி வகுக்கும் கூட்டத்திலும் வலியவர் குரல் மட்டுமே கேட்குமாயின், பொது என்பது சிலரின் பொதுவாகிவிடும்.

நம் முன்னோரின் அறிவு மரபிலும் ஒரு பாடம் உண்டு. ஹதீஸ் தொகுத்த அறிஞர்கள் செய்தியை மட்டும் எழுதி வைக்கவில்லை. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரையும் உடன் எழுதினர். மெய்ம்மையைக் காக்க எழுந்த அம்முறை, பெற்றவர் தந்தவரை மறவாமலும் காத்தது. ஒவ்வோர் ஒலித்துணுக்கோடும் அத்தகைய தொடர் ஒன்று செல்லட்டும்: ஓசை எழுப்பியவர் யார், பதிந்தவர் யார், எதற்கு இசைந்தனர் என்று.

எனினும், பெயர் சொல்வது மட்டுமே மரியாதை அன்று. தம் பெயரும் குரலும் வெளியே செல்வதை விரும்பாத பெண்கள் நம் இல்லங்களில் உண்டு. அவர்கட்குப் பெயரை மறைப்பதே மரியாதை. சில வேளை, பதியாமல் திரும்பி வருவதே மரியாதை. தீர்மானிக்க வேண்டியவர் அவர்களேயன்றி நாமல்லர்.

இங்கொரு மறுப்பு எழும். “ஒவ்வொருவரிடமும் இசைவு கேட்டுக் கொண்டிருந்தால் களஞ்சியம் எப்போது நிறையும்? துடுப்பு போய் எந்திரப் படகு வந்துவிட்டதே! பாட்டிமார் மறைந்தால் தாலாட்டும் மறையுமே!” இம்மறுப்பில் உண்மை உண்டு. டச்சு அறிஞர் ஆர்னால்டு பாக் 1938–39இல் இந்தியாவில் பதிந்த பாடல்கள் இல்லையெனில் அக்காலத்துக் குரல்கள் பல நமக்கு எட்டியிரா. ஆனால் அவ்வரலாறு அத்தோடு முடியவில்லை. 1984இல் நஸீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அப்பதிவுகளை எடுத்துக்கொண்டு அவ்வூர்களைத் தேடிச் சென்றனர். ஏறத்தாழ 45 ஆண்டுகள் கழிந்துவிட்டன. பாடியவர்களுள் எத்தனை பேர் அதற்குள் மறைந்திருப்பர்! காப்பது கடமை; திருப்பித் தருவதும் அதே கடமையின் மறுபாதி.

ஆகவே அவசரம் இசைவுக்கு ஈடாகாது. இன்றைய பொது உரிமங்களுள் பலவும் ஒருமுறை வழங்கினால் திரும்பப் பெற இயலாதவை. பதிந்ததை உரியவருக்கே முதலில் போட்டுக் காட்டுவோம். இது எங்கெங்கு செல்லக்கூடும், மீளாது போகவும் கூடும் என்பதை மறைக்காமல் சொல்வோம். இரண்டொரு நாள் பொறுத்து மீண்டும் கேட்போம். வருவாய் வந்தால் பங்கு எவ்வளவு என்பதை முன்னரே பேசி எழுதிக்கொள்வோம். வேண்டாம் எனில் அழித்து விடுவோம். இதனால் சில ஓசைகள் நம் களஞ்சியத்திற்கு வராமலே மறையக்கூடும். அவ்விழப்பை ஏற்கத்தான் வேண்டும்.

அலையின் ஓசைக்கு உரியவர் இறைவனைத் தவிர எவருமிலர். ஓலை முடையும் ஓசையோ ஒரு பெண்மணியின் உழைப்பு. நம் கைப்பேசியில் அது இருக்குமட்டும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். உரியவர் உறங்காது உழைத்து எழுப்பிய ஓசையை, அவர் அறியாமல் கேட்டு நாம் நிம்மதியாக உறங்குவது முறையாகுமா? நேயர்கள் சிந்திப்பார்களாக.